தண்டம்

கந்தளாய்க் குளத்தின் கதவு திறந்தால்
நாலாம் நாள்தான் தம்பலகாமத்தில்
எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது தண்ணீர்,
மேல் ஊர்களின் வைக்கோலும்
யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பும் சுமந்து.

கூட்டத்தில் முறை எழுதினார்கள்.
நூற்றுப் பதினெட்டாம் துண்டு: குணரூபன், ஒன்றரை ஏக்கர்.
குணரூபன் டோஹாவில் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறான்.
மனைவி என்று எழுதிவிட்டு
பக்கத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னார் செயலாளர்.
முறை, இரவு இரண்டிலிருந்து நாலரை.
"பொம்பிளை எப்பிடி அந்த நேரம்?
பகல் பன்னிரண்டுக்கு மாத்தித் தாறம் தங்கச்சி."
அன்பாகத்தான் சொன்னார்கள்.
பகல் பன்னிரண்டுக்கு வாய்க்காலில் மிஞ்சுவது
கொக்கு கால் நனைக்கும் அளவு.
இரவே வேணும் என்றேன்.
யாரோ இருமினார். தேத்தண்ணி வந்தது.

மண்வெட்டி, டோர்ச், அவனுடைய முழுக்கைச் சட்டை,
இரண்டு யானைவெடி.
பக்கத்து வயல் ஜெசீமாவுக்கு நாலரைக்குத்தான் முறை.
ஒன்றரைக்கே வந்து நின்றாள்.
துணைக்கு என்று சொல்லவில்லை,
"நித்திரை வரேல்ல" என்றாள்.

வக்கடையை வெட்டினேன்.
முதலில் நுரை, பிறகு சருகு,
பிறகு வெறும் சத்தமாகத் தண்ணீர்.
வெடித்த நிலம் அதை வாங்கியது,
கடைக்காரர் சில்லறை எண்ணுகிற மாதிரி
நிறுத்தி, நிறுத்தி.

வரம்பில் குந்திக் கணக்குப் பார்த்தோம்.
உரமானியம் அவன் பேரில் வங்கிக்கு வருகிறது.
அட்டை அவனோடு விமானம் ஏறிவிட்டது.
நான் உழுத நிலத்துக் காசு
கட்டாருக்குப் போய் வெயில் காய்ந்து
என்னிடம் வரும்போது
"அனுப்பிய பணம்" ஆகிவிடுகிறது.

போன போகம் களை பிடுங்கிய ஆறு பெண்களுக்கு
ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு.
வரம்பு கட்டிய ஆணுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
இரண்டையும் கொடுத்தது நான்தான்.
ஆறாவது ஆள் புஸ்பகாந்தி
தாளை நாலாய் மடிக்கும்போது
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"ஊர் விலை அதுதானே" என்றேன் ஜெசீமாவிடம்.
அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போது கண் அயர்ந்தோமோ.
கால் குளிர்ந்து எழும்பினால்
வயல் தளும்பி, நண்டுவளை வழியே வரம்பு பிய்ந்து,
கீழ்வயல் வதனகுமார் விதைத்து
எட்டு நாளான நெல்லின் மேல்
பிந்தி எழும்பிய நிலா மிதந்தது.
சேற்றை அள்ளி அள்ளிப் போட்டோம்.
சாக்கைப் போட்டோம். நிற்கவில்லை.
கடைசியில் ஜெசீமா உடைப்பிலேயே குந்திவிட்டாள்.
"ஓடிப்போய் மண் வெட்டிக்கொண்டு வா,
நான் அணைக்கட்டு" என்றாள்.
சிரிப்பில் எனக்கு மண்வெட்டி பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
தண்ணீரை வீணாக்கியது, அயல் பயிரை மூழ்கடித்தது.
"குணரூபன் பேரில எழுதவா?" என்றார் செயலாளர்.
வதனகுமார் துள்ளி எழும்பினார்.
"அவன் என்ன செய்தவன், அவன் கட்டாரில!
வெட்டினது இவ. இவட பேர எழுதுங்கோ."
பேனை கொஞ்சம் நின்றது.
"பேர் என்ன, தங்கச்சி?"
பதினொரு போகமாக அந்தக் கட்டடத்துக்குப் போகிறேன்.
தவநிதி என்றேன்.
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

தண்டம் ஆயிரத்து ஐந்நூறு.
பற்றுச்சீட்டில், கமக்காரர் பெயர் என்ற கோட்டின் மேல்
நீல மையில் நான்.
காபன் தாளுக்கு அடியில் இன்னொருத்தி,
கொஞ்சம் மங்கலாக,
அவர்களின் புத்தகத்திலேயே தங்கிவிட்டாள்.

இரவு அவன் கூப்பிட்டான்.
"தண்டம் கட்டினியாம். என்ட பேருக்கா?"
"இல்ல. என்ட பேருக்கு."
அந்தப் பக்கம் பவுசரிலிருந்து
தண்ணீர் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நெற்சப்பி தலை காட்டிவிட்டது.
வியாழக்கிழமை களைக்கு ஆள் கூப்பிட வேண்டும்.
புஸ்பகாந்தியின் இலக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்,
எவ்வளவு என்று கேட்பாள்.